நாடி தாளம் தவறுவதேன்?

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்னர் பேசிய நண்பர் குடிநீர்க் குழாய்களைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். எனக்குப் பின்னர் பேசவிருப்பவர் வரவு செலவுக் கணக்கு எழுதும் முறையை விளக்கப் போகிறார். இவ்விரண்டிற்கும் நடுவே இருதயத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. பகலுணவு உண்டு வந்திருக்கிறீர்கள். கண் அயரும் நேரம். ஆகையால் பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் கைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன்.

இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, இடது பெருவிரலுக்கு நேராக மணிக்கட்டின் மீது மெதுவாகப் பதியுங்கள். வலது பெருவிரலைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு துடிப்பு இருப்பதால் ஏமாந்து போவீர்கள். நாடி அகப்பட்டுவிட்டதா? நல்லது. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

போதும். உங்களில் பெரும்பாலோர் அறுபதுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைப் பெற்றிருப்பீர்கள். ஓய்வாக இருக்கும் மனிதனுக்கு அதுவே இயல்பு. நாள்தோறும் மண்வெட்டி பிடித்து உழைத்து உரமேறிய தேகமாயின் ஐம்பத்தைந்து என்று வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் உறுப்பு அது. எனினும் நான் இன்று பேச வந்தது எண்ணிக்கையைப் பற்றியன்று, இடைவெளியைப் பற்றி. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமாக இருந்ததா? கைதேர்ந்த ஒருத்தியின் கையிலுள்ள உலக்கை உரலில் விழுவதுபோல் ஒரே சீராக விழுந்ததா? அல்லது தாளம் அறியாத மூவர் ஒரே உரலில் மாறி மாறி இடிப்பதுபோல் முன்னும் பின்னுமாக விழுந்ததா?

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்த்து வந்த நாடு இது. நான் கேட்பது அத்துணை நுட்பமான கலையை அன்று. சீராக இருக்கிறதா, இல்லையா என்னும் ஒரே கேள்விக்கு விடை காண எழுத்தறிவுகூடத் தேவையில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியில் சேர்ந்த புதிதில், நடவு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். சேற்றில் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். வெளியே நூறு பேர் வரிசையில் நின்றனர். நான் நாடியைப் பிடித்துப் பதினைந்து விநாடி எண்ணி, நான்கால் பெருக்கி, சீட்டில் எழுதினேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. இரத்தசோகை என்று முடிவு கட்டி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரத்தசோகை இருந்தது உண்மைதான். ஆறு வாரங்கள் கழித்து அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வலக்கை, வலக்கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அப்போதுதான் நான் அவருடைய நாடியை ஒரு நிமிடம் முழுவதும் பிடித்திருந்தேன். ஒரு துடிப்பு வலிமையாக, அடுத்தது மெலிந்து, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். எந்த ஒழுங்கிலும் அது அடங்கவில்லை. முதல் நாளே பதினைந்து விநாடிக்குப் பதிலாக அறுபது விநாடி பிடித்திருந்தால் அது என் விரலுக்குத் தெரிந்திருக்கும். இதைச் சபையில் சொல்வது எனக்குப் பெருமையன்று. ஆயினும் ஏன் ஒரு நிமிடம் என்று வற்புறுத்துகிறேன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும்.

அவருடைய தாயார் கூடவே வந்திருந்தார். "சின்ன வயதில் ஏதாவது பெரிய காய்ச்சல் வந்ததா, அம்மா?" என்று கேட்டேன். "பதினொரு வயசுலே முட்டி வீங்கிப் படுத்துக் கிடந்தாளுங்க டாக்டரய்யா. ஒரு முட்டி வத்தினா மறு முட்டி வீங்கும். ஒரு மாசத்திலே தானா சரியாப் போச்சுங்க" என்றார். தானாகச் சரியாகிப் போனது முட்டி மட்டுமே. நோய் இருதயத்தில் தங்கிவிட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் அது அங்கேயே இருந்திருக்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய, இருதயம் எவ்வாறு துடிக்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். இருதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேல் அறையின் உச்சியில் ஒரு சிறு திசுத் திட்டு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் 1907-ஆம் ஆண்டு அதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். துடிப்புக்கான மின் தூண்டுதல் அங்கிருந்துதான் பிறக்கிறது. அது மேல் அறைகள் முழுவதும் பரவி, பின்னர் நடுவிலுள்ள ஒரே ஒரு வாயில் வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. இந்த வாயிலை அதற்கு முந்திய ஆண்டில் விளக்கியவர் சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர். நமக்குத் தெரிந்த உவமையில் கூறினால், ஏரியில் எவ்வளவு நீர் இருந்தாலும் மதகு திறந்த அளவுதானே வாய்க்காலில் வரும்? அதுபோல் மேலே எத்தனை தூண்டுதல்கள் பிறந்தாலும் இந்த மதகு விட்ட அளவுதான் கீழே செல்லும்.

இனி, மேல் அறைகள் விரிந்து நைந்துபோய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சித் திட்டின் கட்டளைக்கு அவை அடங்குவதில்லை. பல இடங்களிலிருந்து பல தூண்டுதல்கள், நிமிடத்திற்கு முந்நூற்றைம்பது முதல் அறுநூறு வரை, கட்டுக்கடங்காமல் கிளம்புகின்றன. மேல் அறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, காற்றில் அரச இலை நடுங்குவதைப்போல் நடுங்கிக்கொண்டே இருக்கும். மதகு அவற்றுள் சிலவற்றை மட்டும், எதை விடுவது எதைத் தடுப்பது என்ற ஒழுங்கின்றி, கீழே விடுகிறது. எனவே நாடி தாறுமாறாகிறது. சில துடிப்புகள் வலுவற்றவையாதலால் மணிக்கட்டுவரை வந்து சேர்வதேயில்லை. மார்பில் குழல் வைத்து எண்ணினால் நூற்று முப்பது இருக்கும். மணிக்கட்டில் எண்ணினால் நூறுதான் இருக்கும். இந்நோய்க்கு மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் மேலறை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

நடுக்கத்தினால் உடனே உயிர் போய்விடாது. இந்நோயுடன் பல்லாண்டு வாழ்பவர்கள் உண்டு. தமக்கு நோய் இருப்பதே அறியாதவர்களும் உண்டு. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இடது மேல் அறையின் ஓரத்தில் காது மடலைப் போன்ற ஒரு சிறு பை உள்ளது. அறை ஒழுங்காகச் சுருங்காதபோது அங்கே இரத்தம் தேங்குகிறது. தேங்கிய குட்டையில் பாசி பிடிப்பதுபோல் தேங்கிய இரத்தத்தில் கட்டி உறைகிறது. அக்கட்டி என்றேனும் ஒரு நாள் பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு மூளைக்குச் சென்று ஒரு குழாயை அடைத்துக்கொண்டால், அதுவே பக்கவாதம்.

அமெரிக்க நாட்டில் ஃபிராமிங்ஹாம் என்றோர் ஊர். 1948-ஆம் ஆண்டு முதல் அவ்வூர் மக்களின் இருதய நலத்தை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று அங்கே கண்டு 1978-இல் வெளியிட்டனர். நடுக்கத்துடன் வால்வுக் கோளாறும் சேர்ந்திருந்தாலோ, அது பதினேழு மடங்கு. நான் கூறிய பெண்மணி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

அந்த வால்வுக் கோளாறுக்குக் காரணம் தொண்டைப் புண் என்றால் நம்புவீர்களா? ஐந்து முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை சிவந்து, விழுங்கும்போது வலித்து, காய்ச்சல் வரும். நாலு நாளில் ஆறிவிடும். தேகம் கிருமியை எதிர்த்துப் போராடிய அந்த எதிர்ப்புச் சக்திதான் இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் குழப்பத்தை விளைவிக்கிறது. இருதயத் திசுவின் சில கூறுகள் அக்கிருமியின் சாயலில் இருப்பதால், திருடன் என்று எண்ணி வீட்டுக்காரனையே அடித்த காவற்காரனைப்போல, அது இருதயத்தைத் தாக்குகிறது, மூட்டுகளையும் தாக்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும், வடுவின்றி ஆறும். வால்வில் விழுந்த வடுவோ ஆறாமல் தடித்துச் சுருங்கிக்கொண்டே போகும். இடப்புறத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவேயுள்ள வால்வின் திறப்பு நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது ஒன்றரைக்கும் கீழே குறுகும்போது மேல் அறை இரத்தத்தை வெளியேற்ற மாட்டாமல் வீங்கி, நைந்து, நடுங்கத் தொடங்குகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் கருவுற்ற காலத்திலேயே இது முதன்முதலாக வெளிப்படும். அப்போது உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதால் குறுகிய வாயில் தாங்குவதில்லை.

இதில் நம்பிக்கைக்குரிய செய்தி ஒன்று உண்டு. தொண்டைப் புண் கண்ட ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்துவிட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வராமலே தடுத்துவிடலாம். எல்லாத் தொண்டை வலியும் இக்கிருமியால் வருவதன்று. பெரும்பாலானவை சாதாரணச் சளியே. எது எது என்று பிரித்தறிவது எங்கள் வேலை. பிள்ளையை அழைத்து வருவது உங்கள் வேலை. கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடுவது இருவர் வேலையும் அன்று.

ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கு மறுபடி மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் வால்வில் வடு கூடும். ஆகவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே வரவேண்டும். இருதயம் பாதிக்கப்படாதிருப்பின் ஐந்தாண்டுக் காலம் அல்லது இருபத்தோரு வயது வரை. வால்வு கெட்டிருப்பின் பத்தாண்டுக் காலம் அல்லது நாற்பது வயது வரை. இவற்றுள் எது நீண்டதோ அதுவரை. வலிக்கும் ஊசி அது, மறைப்பதற்கில்லை. அன்று முழுவதும் பிள்ளை நொண்டி நடக்கும். "நன்றாகத்தானே ஓடியாடித் திரிகிறான், எதற்கு ஊசி?" என்று பாட்டி கேட்பார். திருவிழா வரும், அறுவடை வரும், ஒரு தவணை தவறும். ஒன்று தவறினால் இரண்டு தவறும். ஒரு கிராமத்தில் அத்தகைய பிள்ளைகள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுடைய பெயரும் ஊசித் தேதியும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருப்பதோடு வார்டு உறுப்பினருக்கும் தெரிந்திருக்குமாயின், தவணை தவறாது. பெற்றோரின் இசைவுடன் இதைச் செய்யலாம். நெருக்கடியான அறைகளில் பல பிள்ளைகள் ஒன்றாய்ப் படுத்துறங்கும் இடங்களில் இக்கிருமி எளிதில் பரவும். பென்சிலின் வருவதற்கு முன்பே மேல்நாடுகளில் இந்நோய் குறையத் தொடங்கியதற்கு வீட்டு வசதி பெருகியது ஒரு காரணம் என்பர். தொகுப்பு வீடுகளைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றும்போது சன்னலையும் நினைவிற்கொள்ளுங்கள்.

மேலறை நடுக்கத்திற்கு வால்வு நோய் மட்டுமே காரணமென்று எண்ணிவிடக் கூடாது. வயது முதிர முதிர அது மிகுதியாகிறது. நெடுநாள் கவனியாது விட்ட இரத்தக் கொதிப்பு ஒரு பெரும் காரணம். நீரிழிவு, உடற்பருமன், மாரடைப்புக்குப் பின் இருதயம் பலவீனமடைதல், முன்கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் சுரத்தல் ஆகியவையும் உண்டு. மதுவை விட்டுவிட்டேன், வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். ஒரே இரவில் மிதமிஞ்சிக் குடித்தவனுக்கு மறுநாள் காலையில் நடுக்கம் கண்டு வருவது பண்டிகைகளுக்கு மறுநாள் மருத்துவமனைகளில் பழகிப்போன காட்சி.

நாடி தவறுவதெல்லாம் நோயுமன்று. பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி விரைந்தும், வெளிவிடும்போது தணிந்தும் செல்லும். அது ஆரோக்கியத்தின் அறிகுறி. இன்னும் சிலர், "திடீரென்று ஒரு துடிப்பு நின்று, பிறகு தடால் என்று அடிக்கிறது" என்று வெளிறிய முகத்துடன் வருவார்கள். உண்மையில் நின்றதன்று, ஒரு துடிப்பு உரிய நேரத்திற்கு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. அது வலுவற்றதாகையால் கைக்குத் தெரியவில்லை; அதைத் தொடர்ந்த இடைவெளி மட்டும் தெரிகிறது. தூக்கமின்மை, கவலை, காய்ச்சல், இரத்தசோகை, புகையிலை, சிலருக்குக் காப்பி தேநீர் ஆகியவற்றால் இது வரும். பெரும்பாலும் தீங்கற்றது. கடும் வயிற்றுப்போக்கினால் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து குறைந்து வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று இறந்திருந்தாலோ அலட்சியம் கூடாது. நாடி மிகவும் தணிந்து, நாற்பதுக்கும் கீழிறங்கி, நின்றவாக்கில் மயங்கி விழுபவர்களுக்கு நான் முன்னர் கூறிய மதகு பழுதாகியிருக்கலாம். அதற்கு மார்பின் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் என்னும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள்.

இனி மருந்தைப் பற்றி. மேலறை நடுக்கத்தில் நாடியின் வேகத்தைத் தணிக்க ஒரு மருந்தும், கட்டி உறையாமல் தடுக்க மற்றொரு மருந்தும் தரப்படுகின்றன. இந்த இரண்டாவது மருந்தின் கதையில் ஒரு விவசாயிக்குப் பங்குண்டு. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் நல்ல மாடுகள் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் மடிந்தன. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப் பயிரை ஈரத்தோடு போரடுக்கி, பூசணம் பிடித்தபின் போட்டதே காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் கண்டார்கள். அதிலுள்ள நஞ்சு எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், விஸ்கான்சின் மாநிலத்தின் எட் கார்ல்சன் என்னும் விவசாயி, இறந்துபோன தம் கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும், கெட்டுப்போன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஏறத்தாழ 190 மைல் கடந்து பல்கலைக்கழக நகருக்கு வந்தார். சனிக்கிழமையாதலால் கால்நடைத் துறை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த ஒரே கதவு கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞருடையது. அவரும் அவருடைய மாணவர்களும் ஆறாண்டுகள் உழைத்து 1939-இல் அந்நஞ்சைத் தனித்துப் பிரித்தார்கள். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் முதலில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று. அடுத்த ஆண்டிலேயே மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது.

"எலி மருந்தையா எங்களுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான், ஐயா. அளவுதான் வேறுபாடு. அளவு மிகுந்தால் இரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி. ஆகையால்தான் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து, பெரும்பாலோருக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும்படி மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் தருகிறோம். இந்த மாத்திரை உண்பவர் கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, மறு வாரம் ஒன்றுமில்லை என்றிராமல், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டுவர வேண்டும். உடல்வலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மலம் கறுத்துப் போனாலோ ஈறில் இரத்தம் கசிந்தாலோ உடனே வரவேண்டும். கருவுற்ற, அல்லது கருத்தரிக்கக் கூடிய பெண்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இம்மருந்து சிசுவைப் பாதிக்கும்.

அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் 2009-ஆம் ஆண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தன. வால்வு நோயற்றவர்களுக்கு அவை நன்கு பயன்படுகின்றன. ஏழை நாடுகளின் ருமாட்டிக் நோயாளிகளுக்கும் அவை வசதியாயிருக்குமே என்று எண்ணி, 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் ஒரு புதிய மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. பழைய வகை மருந்தை உண்டவர்களே குறைவாக இறந்தனர். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் உண்ணும் புதிய மாத்திரையே சிறந்தது என்று நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம். குறுகிய வால்வை, மார்பைத் திறக்காமல், தொடையின் இரத்தக் குழாய் வழியே பலூனைச் செலுத்தி விரிக்கும் முறையைக் கான்ஜி இனோவே என்னும் ஜப்பானிய மருத்துவர் 1980-களில் கொண்டுவந்தார். முற்றிலும் கெட்ட வால்வை மாற்றவும் செய்யலாம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

நாடியின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளுள் மிகப் பழையது ஒரு செடியிலிருந்து வந்தது. வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர், நாட்டு வைத்தியம் ஒன்றில் ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடி சேர்வதைக் கண்டு ஆராய்ந்து 1785-இல் நூல் எழுதினார். அதே இனத்தைச் சேர்ந்த சத்துதான் நம் வேலியோரத்து அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அளவு நம் கையில் இல்லை. தெரியாமல் மென்ற குழந்தையாயினும், மனம் நொந்த பெரியவராயினும், எவரேனும் உண்டுவிட்டார் என்று ஐயம் தோன்றினாலே வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். முதலில் வாந்தி மட்டும் இருக்கும். தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போக முற்படுவார்கள். பல மணி நேரம் கழித்தும் துடிப்பு திடீரென்று குழம்பலாம். குறைந்தது ஒரு நாளாவது இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிழைத்து எழுந்தவரிடம் ஏன் எதற்கு என்று ஊர் கூடிக் கேட்காமலிருப்பதும் ஒரு மருத்துவமே.

மேல் அறைகள் நடுங்கினால் வாழலாம் என்றேன். கீழ் அறைகள் நடுங்கினால் சில நிமிடங்களே அவகாசம். மாரடைப்பில் அது நிகழும். நம் வயல்களில் மின்சாரம் தாக்கியும் நிகழும். மோட்டார் கொட்டகையில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர், காட்டுப்பன்றிக்கென்று சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கியவர், தீக்காயம் ஏதுமின்றி இறந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் மார்பின் வழியே பாய்ந்து இருதயத்தின் தாளத்தைக் குலைத்துவிடுகிறது, அவ்வளவே. அவரைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். நாடியும் மூச்சும் இல்லையெனில், 108-க்குச் சொல்லியனுப்பிவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழம் உள்ளிறங்கும்படி, நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை, உதவி வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள். கை சோர்ந்தால் அடுத்தவர் தொடரட்டும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். மின்கசிவுத் தடுப்பான் பொருத்தாத பஞ்சாயத்து மோட்டார் அறை இருக்குமானால், அடுத்த கூட்டத்திலேயே அதைப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.

பக்கவாதத்திற்கும் நேரம் உண்டு. வாய் ஒருபுறம் கோணினால், ஒரு கையைத் தூக்க இயலாவிட்டால், பேச்சு குழறினால், கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்பதால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். எண்ணெய் தேய்க்கவும் மந்திரிக்கவும் ஒரு மணி நேரம் செலவிட்டால் அது அந்த நாலரையிலிருந்துதான் கழியும்.

நான் கூறிய பெண்மணி இன்றும் இருக்கிறார். கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு பாதி திரும்பியது. நடவுக்குச் செல்ல இயலவில்லை. மாதந்தோறும் பரிசோதனைக்கு வரும்போது, நான் கேட்கும் முன்பே தம் இடக்கையை நீட்டிவிடுவார்.

என் நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வாயிலருகே மேசை போட்டிருக்கிறது. செவிலியர் அம்மையார் இ.சி.ஜி. பெட்டியோடு அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் எண்ணியபோது இடைவெளி சீராக இல்லையென்று தோன்றியவர்களும், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் முதலில் வாருங்கள். மற்றவர்கள் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுவிட்டு வரலாம். மாலை வரை இங்கேயே இருப்போம்.